மேலாற்றின் ஒத்தை

ஆற்றுக் கண்காணிப்பு அலுவலகத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொய்யில்லை. மற்றவர்கள் கண்ணால் வேலை செய்தார்கள், கையால் வேலை செய்தார்கள், ஒன்றிரண்டு பேர் வாயாலேயே வேலை செய்து சம்பளமும் வாங்கினார்கள். இவள் ஒருத்திதான் காதால் வேலை செய்தாள். காலையில் வந்து மாடியில் கோடி அறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள். நடுவில் யாராவது வந்து தோளைத் தட்டினால்தான் உலகம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். தட்டுகிறவர்களும் குறைவு.

அவள் கேட்டது ஆற்றை. ஆற்றின் அடியில் அங்கங்கே, பாறையிலும் பாலத் தூணிலுமாக, ஒலிவாங்கிகளைக் கட்டி இறக்கியிருந்தார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் படகில் போய் அவற்றிலிருந்து பழைய கார்டை உருவிக்கொண்டு புதிய கார்டைச் செருகிவிட்டு வருவார். அலுவலகத்தில் அவர் கார்டுக்காரர். அவர் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் கார்டுகளில் ஆறு முழுக்க அடங்கியிருக்கும். அதைக் கேட்டு, எந்த இடத்தில் டால்பின் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

அந்த ஆறு லேசுப்பட்டதில்லை. பனிமலையில் பிறந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு இறங்கி, சமவெளிக்கு வந்ததும் சோம்பேறியாகி, எதிர்க்கரை தெரியாத அளவுக்குப் பரந்து கிடக்கும். நினைத்தால் பாதையை மாற்றும். முன்னொரு காலத்தில் அதன் கரையில் பெரிய துறைமுகம் ஒன்று இருந்தது. ஒரு வெள்ளத்தில் ஆறு தள்ளிப் போய்விட, கப்பல் கட்டிய கல்தூண்கள் இன்றைக்கும் வயல் நடுவில் நிற்கின்றன. கடைசியில் நூறு கிளையாகப் பிரிந்து சேறும் சகதியுமாகக் கடலில் விழும். இதையெல்லாம் அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. பஸ்ஸில் போகும்போது நகரத்துப் பாலத்தின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தெரியும் பழுப்புத் தண்ணீர்தான் அவள் பார்த்த ஆறு.

ஆனால் காதால் தெரியும். மலையடிவாரத்துக் கார்டில் கூழாங்கற்கள் உருளும். சமவெளியில் மணல் நகர்வது ஓயாமல் சுர்ரென்று கேட்கும், சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. கெளுத்தி மீன்கள் உறுமும். முதலை அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தால் மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். நீர்நாய்க் குடும்பங்கள் பங்காளிச் சண்டை போடும். கடலோரத்தில் இறால்கள் படபடவென்று வெடிக்கும். அதற்கு மேல் சரக்குக் கப்பல்களின் இரைச்சல். எல்லாவற்றுக்கும் நடுவில், டால்பின்.

ஆற்று டால்பினுக்குக் கண் என்பது பேருக்குத்தான். அந்தக் கலங்கல் தண்ணீரில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் டக், டக் என்று சத்தம் அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கிறது, மீன் பிடிக்கிறது. அந்தச் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாது. கம்ப்யூட்டர்தான் அதைக் கீழே இறக்கி, நமக்குக் கேட்கிற மாதிரி தரும். சும்மா நீந்தும்போது டக்குகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். மீனை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கி, கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்து நிற்கும். நின்றால் சாப்பாடு ஆயிற்று என்று அர்த்தம். மோட்டார் படகுகளில் ஆழம் பார்க்கும் கருவியும் டக் டக் என்றுதான் சத்தம் போடும். ஆனால் அது ஒரே சீராக, மோட்டார் இரைச்சலோடு சேர்ந்து வரும். அதைக் கேட்ட மாத்திரத்தில் அவள் ஒதுக்கிவிடுவாள்.

இந்தக் காது அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. இதற்கு முன்பு ஒரு பெரிய மருத்துவமனையில், டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. டாக்டர்கள் பேசுவது எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வாயில் எதையோ மென்றுகொண்டு, லிப்டில் ஏறிக்கொண்டு, பாதி வார்த்தையை விழுங்கிக்கொண்டு. அதில் தலையும் வாலும் கண்டுபிடித்து அடித்தவளுக்கு ஆறு எம்மாத்திரம். மருத்துவமனையில் அந்த வேலைக்குக் கம்ப்யூட்டரே வந்த பிறகு, அவளை இங்கே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மாவுக்குக் காது மந்தம். எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். குளிக்கப் போகிறேன் என்றால் தெருவுக்கே தெரியும். பகலெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் தொண்டை கிழியக் கத்துவது என்று அவள் காலம் ஓடியது. கல்யாணப் பேச்சு வந்தது. அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தள்ளிப்போட்டாள். மறுபடி வந்தது, மறுபடி தள்ளிப்போட்டாள். அப்புறம் தள்ளிப்போட எதுவும் வரவில்லை. அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு மாடி அறைக்குக் குடிவந்தாள். கட்டில், அடுப்பு, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கத்த வேண்டிய தேவை போனதும் பேசுவதே விட்டுப்போயிற்று. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள், "உங்க குரலே எனக்குத் தெரியாதேம்மா" என்று ஒருநாள் சொன்னபோது, பதில் சொல்லத் தொண்டையைக் கனைக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார்.

"அங்க மழையா?"

"இல்லண்ணா. அங்க?"

"இங்க குளிரு."

அதற்குமேல் பேச்சு ஓடாது. பின்னாலிருந்து அண்ணி, "நானும் கேட்டதா சொல்லுங்க" என்பாள். "அண்ணியும் கேட்டதா சொல்லச் சொன்னா" என்பார் அண்ணன். அண்ணி அப்படி என்னதான் கேட்டாள் என்பது இன்றுவரை தெரியாது.

இப்படி இருந்தவளுக்குத்தான் ஒத்தை வந்து சேர்ந்தான்.

அவள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் ஆற்றின் நட்டநடுவில் தடுப்பணை கட்டினார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் வந்தது, ஊர் செழித்தது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அணைக்கு மேலே இருந்த டால்பின்கள் மேலேயே மாட்டிக்கொண்டன. கோடைக்குக் கீழே போக வழியில்லை. தண்ணீர் கால்வாயில் போக, மிச்சமிருந்த குட்டைகளில் வலை விழுந்தது. வருஷத்துக்கு வருஷம் குறைந்து, மேலாற்றில் டால்பினே இல்லை என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது. இருந்தாலும் வழக்கத்துக்காக அங்கே ஒரு ஒலிவாங்கி கிடந்தது. அந்தக் கார்டைக் கேட்பது ஈ காக்கை இல்லாத தெருவுக்குக் காவல் இருப்பது போலத்தான். மணல், மீன், எப்போதாவது ஒரு துடுப்புப் படகு.

ஒருநாள் அதில் டக் என்று கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டக். டக். மோட்டார் இரைச்சல் இல்லை. இடைவெளி மெல்லச் சுருங்கியது, இன்னும் சுருங்கியது, பிறகு நின்றது. அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஹெட்போன் கம்பி கழுத்தில் தொங்கத் தொங்க மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

மேலதிகாரி கெட்டவர் இல்லை. வாழ்நாளெல்லாம் டால்பினுக்காக அலைந்து, செத்துப்போன செய்தியாகவே கேட்டுக் கேட்டு முகம் சுருங்கிப்போன மனிதர். திரையில் வரைபடத்தைப் பார்த்தார். இடைவெளி சுருங்குவதைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாட்டிக்கிட்ட கூட்டத்தோட வம்சத்துல ஒண்ணு மிச்சம் இருக்கும்மா" என்றார். "தனியா."

மேலாற்றங்கரையில் அறிவிப்புப் பலகை நட்டார்கள். இங்கே டால்பின் வாழ்கிறது, வலை போடாதீர்கள் என்று. அதுவரை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கேட்ட டக்டக், அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கேட்க ஆரம்பித்தது. பலகைக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று மேலதிகாரி பூரித்துப்போனார். அவள் அவனுக்கு ஒத்தை என்று பெயர் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை.

மேலாற்றுக் கார்டு வந்தால் மற்ற கார்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பாள். "எங்கடா போயிருந்தே, இவ்வளவு நேரம்?" என்பாள், வாய்விட்டு. நாள் பூராவும் ஒரு வார்த்தை பேசாதவள், ஹெட்போனுக்குள் அவனோடு பேசினாள். அவன் வரும்போதெல்லாம் கூடவே ஒரு துடுப்புப் படகின் சத்தமும் கேட்டது, மரம் மரத்தில் இடிக்கும் டொக் டொக். யாரோ ஒரு படகுக்காரனோடு ஒத்தை சிநேகமாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், வேறு யார் இருக்கிறார்கள் அவனுக்கு என்று நினைத்தாலும், உள்ளுக்குள் பொறாமையாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் ஒருமுறை நாலைந்து சாயங்காலம் தொடர்ந்து அவன் வரவில்லை. கார்டில் இருப்பது போன மாதத்துச் சத்தம். என்ன நடந்ததோ அது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. இது புத்திக்குத் தெரியும், மனசு கேட்டால்தானே? அடுத்த நாளுக்குத் தள்ளி, அதற்கு அடுத்த நாளுக்குத் தள்ளி, டக் என்று கேட்டதும் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் மேலதிகாரி அந்தத் திட்டத்தைச் சொன்னார். அணைக்குக் கீழே கூட்டமாக இருக்கும் டால்பின்களில் ஒரு பெண்ணைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்து லாரியில் ஏற்றி, அணையைத் தாண்டிக் கொண்டுபோய், மேலாற்றில் விடுவது.

"ஒத்தையா கிடக்குதேம்மா. துணை வேணாமா?" என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வீட்டில் கல்யாணம் மாதிரி இருந்தது. தொட்டி தயாரானது, மேலிடத்து அனுமதி வந்தது. பெண்ணை எந்த இடத்தில் விடுவது என்று முடிவு செய்வதுதான் பாக்கி. ஒத்தை புழங்குகிற இடமாக இருக்க வேண்டும். அதற்குக் காது வேண்டும். "நீங்களே போய்ட்டு வாங்க" என்றார் மேலதிகாரி. இத்தனை வருஷ வேலையில் முதல்முறையாக அவள் ஆற்றுக்குப் போனாள்.

கார்டுக்காரர்தான் ஜீப் ஓட்டி வந்தார். கரையில் இறங்கியதும், "அக்கா, நம்ம மோட்டார் படகு வேணாம், சத்தத்துக்கு டால்பின் வராது" என்றார். "இங்க ஒரு பெரியவர் இருக்காரு. துடுப்புப் படகு. தினமும் சாயங்காலம் போறவரு. சொல்லி வச்சிருக்கேன்."

அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த டொக் டொக் ஆள். படகோரமாக நின்றவர் ஒல்லியாக, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வெயிலில் வெந்த முகத்தோடு இருந்தார். உங்களை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டாள்.

"நடுவுல உக்காருங்கம்மா" என்றார் பெரியவர். "ஓரத்துல உக்காந்தா ரெண்டு பேரும் குளிச்சிட்டுத்தான் திரும்பணும்."

படகு நகர்ந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. தண்ணீரும் மணல் திட்டுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது. ஒரு திட்டில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்ந்தன. நீளச் சிவப்பு அலகுள்ள பறவைகள் தண்ணீரைக் கீறிக்கொண்டே பறந்தன. காதால் கேட்ட எதுவும் இங்கே கேட்கவில்லை. துடுப்பும் காற்றும் மட்டும்தான்.

பெரியவர் பேச்சுக்கு ஏங்கிப்போய் இருந்தார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. கேட்காமலேயே சொன்னார். மீன் பிடித்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் தூரத்து நகரத்தில் வேலையில் இருக்கிறாள்.

"நாங்க டால்பினுக்குப் பெருமூச்சுன்னு பேரு வச்சிருந்தோம். மேல வந்து ஒரு மூச்சு விடும் பாருங்க, மனுசன் அலுத்துக்கிற மாதிரியே இருக்கும். சின்ன வயசுல எங்கப்பா வலையில ஒரு குட்டி மாட்டிச் செத்துப்போச்சு. தாய் போகவே இல்ல. படகையே சுத்திச் சுத்தி வந்துச்சு. எங்கப்பா அன்னைக்குச் சாப்பிடல. அப்புறம் பெருமூச்செல்லாம் ஒழிஞ்சேபோச்சுன்னு விட்டுட்டோம். திடீர்னு உங்க ஆபீஸ்ல பலகை நட்டாங்க, ஒண்ணு இருக்குன்னு. அன்னைக்கே வலையை மடிச்சி வச்சிட்டேன். ஒருதடவை கண்ணால பாத்துடணும்னு அன்னையிலேருந்து தினம் வரேன்."

"பாத்தீங்களா?"

"எங்க? ஒரு நாளும் கண்ணுல படல. ஆனா ஆபீஸ்ல சும்மா சொல்லுவாங்களா? கருவி வச்சுக் கேக்குறாங்களாமே."

அவள் சிரித்தாள். அவன் உங்கள் படகை விட்டு நகர்வதே இல்லையே ஐயா, நீங்கள்தான் பார்க்கவில்லை என்று சொல்லத் துடித்தது வாய். கையோடு கொண்டுவந்த சின்ன ஒலிவாங்கியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். அலுவலகக் கம்ப்யூட்டர் செய்வதை அதனோடு வந்த பெட்டி அங்கேயே செய்யும். ஹெட்போனை மாட்டினாள். மணல், மீன், துடுப்பு. ஒத்தை இன்னும் வரவில்லை.

நடு ஆற்றுக்கு வந்ததும் பெரியவர் துடுப்பை நிறுத்திவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து அமுக்கினார்.

டக். டக். டக்.

"வந்துட்டான்" என்றாள் அவள். அவளையறியாமல் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க? எங்கம்மா?" பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆடியது. இரண்டு பேரும் நாலா பக்கமும் பார்த்தார்கள். தண்ணீர் சும்மா கிடந்தது. படகு தானாக மணல் திட்டுப் பக்கம் ஒதுங்கியது. ஹெட்போனில் இடைவெளி சுருங்க ஆரம்பித்தது. நெருங்குகிறான், மீனை நெருங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே திரும்பியவள், பெரியவரின் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு சின்னத் திரை. அதில் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. ஆழம் குறையக் குறைய ஹெட்போனில் டக்டக் வேகமானது.



"ஐயா, அது என்னது?"

"இதுவா? பொண்ணு வாங்கி அனுப்புனது. ஆழம் காட்டும், மீன் காட்டும். முன்னாடி எப்பவாச்சும்தான் போடுவேன். வலையை விட்ட பிறகு மீனு எதுக்கு? பெருசா ஏதாச்சும் அடியில ஓடுனா காட்டுமேன்னு, வந்ததும் போட்டுடுவேன்."

"அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

நிறுத்தினார். ஒத்தை நின்றுபோனான்.

"போடுங்க."

போட்டார். டக். டக்.

இன்னொரு முறை நிறுத்தச் சொன்னாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். அதற்குமேல் சொல்லவில்லை. எத்தனை தடவை நிறுத்திப் போட்டாலும் அதேதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மோட்டார் இரைச்சலோடு வரும் கருவியை ஒதுக்கத் தெரிந்தவளுக்கு, துடுப்புப் படகில் ஒரு கருவி இருக்கும் என்று தோன்றவே இல்லை. ஆழத்துக்குத் தகுந்தபடி வேகத்தை மாற்றிக்கொள்ளும் புதுக் கருவி. திட்டை நெருங்கும்போது சுருங்கியது, நிறுத்தியபோது நின்றது. மீன், சாப்பாடு, சிநேகம் எல்லாம் அவளாகவே சேர்த்துக்கொண்டது.

"கேக்குதாம்மா?" என்றார் பெரியவர், அவள் முகத்தையே பார்த்தபடி.

கேட்கிறது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பெரியவர் தினம் வருவார், கார்டு மாதாமாதம் வரும், ஒத்தை இருந்துகொண்டே இருப்பான். அவளுக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ரொம்பவே வந்தது. ஆனால் அணைக்குக் கீழே, தன் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண் டால்பினை நினைத்தாள். அதைப் பிடித்துத் தொட்டியில் அடைத்துக் கொண்டுவந்து, இந்த அகண்ட தண்ணீரில் தனியாக விடுவார்கள். அது இந்தக் கருவிக்குப் பதில் சொல்லிக்கொண்டு, வராத ஒருவனுக்காக இங்கே சுற்றும். தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயா, இங்க டால்பின் இல்ல" என்றாள்.

"இப்ப வரலையா?"

"எப்பவுமே இல்ல. நான்தான் அந்தக் கார்டைக் கேக்குறவ. நான் கேட்டதெல்லாம் உங்க மிஷினைத்தான்."

பெரியவருக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்து, கருவியை நிறுத்தி, போட்டு, காட்டினாள். அவர் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பலகை?"

"நான் சொல்லி நட்டதுதான்."

"நான் பலகையைப் பாத்துட்டுத்தானேம்மா தினம் வந்தேன்."

"நீங்க தினம் வந்ததாலதான் ஐயா அது தினம் இருக்குன்னு நான் சொன்னேன்."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மன்னிச்சிடுங்க ஐயா என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"அப்ப நான் வர்றதும் போறதும் உங்களுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமாய்யா."

"தினமுமா?"

"தினமும்."

"நான் வராத நாளு?"

"அதுவும் தெரியும். மழைக்காலத்துல நாலஞ்சு நாள் வரல. எனக்குச் சாப்பாடே இறங்கல."

பெரியவர் அவளை நேராகப் பார்த்தார். "காய்ச்சல்மா. தண்ணி எடுத்துக் குடிக்கக்கூட எழுந்திரிக்க முடியல. பொண்ணுக்குச் சொல்லல, பயந்துடும். பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சுது. நீங்கன்னுதான் தெரியல."

வெயில் தணிந்துவிட்டது. பெரியவர் கருவியை நிறுத்தித் துணியில் சுற்றி வைத்தார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, இன்னொரு தடவை அதை மாட்டிக்கொள்ளலாமா என்று ஹெட்போனைக் கேட்டார். அவள் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கொடுத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறந்ததிலிருந்து இந்த ஆற்றின் மேலேயே கிடந்த மனிதர், அதன் உள்ளே இருப்பதைக் காதுகொடுத்துக் கேட்பது இதுதான் முதல்முறை.

"இவ்வளவு சத்தமா இருக்கு" என்றார். "இவ்வளவு பேரா இருக்காங்க உள்ள?"

"எல்லாரும் இருக்காங்கய்யா. அது மட்டும்தான் இல்ல."

மறுநாள் காலையில் மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். முற்றத்தில் தொட்டி நின்றுகொண்டிருந்தது, நீலத் தார்ப்பாய் போர்த்தி, லாரிக்குத் தயாராக.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார், கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத குரலில்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

மேலதிகாரி போனை எடுத்து, பிடிக்கப் போன ஆட்களைத் திரும்பி வரச் சொன்னார். மூன்றாம் பேருக்கு அவளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நானும் பார்த்துத்தானே சரியென்று சொன்னேன் என்று பழியைத் தானும் பாதி ஏற்றுக்கொண்டார். மேலாறு மறுபடி காலி என்று ஆயிற்று. பலகையைப் பிடுங்கினார்கள். ஒலிவாங்கியைத் தூக்கிவந்து கடலோரக் கிளை ஒன்றில் போட்டார்கள். அந்தக் கார்டில் டால்பின்கள் சந்தைக்கடை மாதிரி இரைந்தன. அவள் கண்ணும் கருத்துமாக அதைக் கேட்டாள், ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. ஹெட்போனுக்குள் பேசுவதும் நின்றுபோயிற்று. மாடி அறை முன்பைவிடச் சின்னதாகிவிட்டது போல் இருந்தது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படியொன்றும் ஆகவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் வேலை நடுவில் மேசைமேல் போன் அதிர்ந்தது. தெரியாத எண். ஹெட்போனைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

"அம்மா, நான்தான். படகு." பெரியவர் குரல். "உங்க கார்டுக்காரர்கிட்ட நம்பர் வாங்கினேன். வேலையா இருக்கீங்களா?"

"இல்லய்யா, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. இன்னைக்கு நான் ஆத்துக்குப் போகலம்மா. இடுப்பு பிடிச்சிக்கிச்சு. நாளைக்கும் போக மாட்டேன்னு நினைக்கிறேன்."

அங்கே இப்போது கேட்பதற்கு எதுவும் இல்லை, ஒலிவாங்கியை எடுத்துவிட்டோம் ஐயா என்று சொல்ல நினைத்தாள். 

"மிஷினை எடுத்துட்டாங்கன்னு தெரியும்" என்றார் அவரே. "இருந்தாலும், வரலன்னா தேடுவீங்களேன்னு சொல்லிட்டேன்."

"ஆமாய்யா" என்றாள் அவள். "தேடுவேன்."